அலைகரை ஆரையும் அம்மாவின் வீடியோவும்

தம்பி,

உன் பெட்டியை நெல் நிறுக்கிற தராசில் கொழுவி அப்பா மூன்றாவது தடவையாக நிறுக்கிறார். மிளகாய்த்தூளை எடுப்பதா பனை ஒடியல் மாவை எடுப்பதா என்று நீங்கள் இரண்டு பேரும் முற்றத்தில் போடுகிற சண்டை இங்கே அறைக்குள் கேட்கிறது. நான் கதிரையை யன்னலோரம் இழுத்துப்போட்டு இதை ஃபோனில் தட்டிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை விமானம். என் மகன் யப்பானுக்குப் படிக்கப் போகிறான் என்று சொல்லும்போதே எனக்குக் குரல் ஒரு கட்டை ஏறிவிடுகிறது. மீன்காரருக்கும் சொல்லிவிட்டேன், பஸ் நடத்துநருக்கும் சொல்லிவிட்டேன். போன கிழமை நீ என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாய். "நான் போகமுதல் அந்த வீடியோவைப் பற்றி உங்கட வீடியோப் பக்கத்திலை உண்மையைச் சொல்லுங்கோ அம்மா. அது இன்னும் சுத்துது." ஓம் என்றேன். நான்கு தரம் ஃபோனைக் கொழுவிவிட்டு அதன் முன்னால் நின்றும் பார்த்தேன். வணக்கம் உறவுகளே என்று தொடங்கியதும் என் வாய் தானாகச் சிரித்துவிடுகிறது, பிழையைச் சொல்கிற முகம் வரமாட்டேன் என்கிறது. அதனால் எழுதுகிறேன். உனக்கு எழுதுகிற கடிதம்தான், ஆனால் எல்லோரும் வாசிக்கிற இடத்தில் போடுவேன். நீ கேட்டதைவிட ஒரு விஷயம் கூடுதலாகவும் இதில் இருக்கிறது. அது உனக்கும் தெரியாது.

பத்தொன்பது வயதில் கலியாணம், இருபதில் நீ. என் பள்ளிக்கூடம் அதற்கு முன்னமே யுத்த இடம்பெயர்வோடு நின்றுவிட்டது. விஞ்ஞானக் கொப்பியில் செவ்வரத்தம் பூவை வெட்டி அதன் உள்ளைப் படமாகக் கீறத் தொடங்கிய கிழமைதான் நாங்கள் மூட்டை கட்டினோம். அல்லியிதழ் வரை கீறினேன், மகரந்தம் கீறவில்லை. நீ கம்பஸ் படிப்புக்குப் போனபோது உன் பழைய ஃபோனைத் தந்துவிட்டுப் போனாயே, அன்றைக்குத்தான் அந்தப் படத்தின் மிச்சத்தைப் பார்த்தேன் என்று சொல்லலாம். ஒரு பூவின் வீடியோவைத் தொட்டால் இன்னொன்று, அதைத் தொட்டால் இன்னொன்று. சோறு அடிப்பிடித்தது கூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நானே எடுக்கத் தொடங்கினேன். வேலியில் படர்ந்த கொவ்வை, வரம்போரம் நிற்கிற பொன்னாங்காணி, காட்டுக்கரையில் நன்னாரி. எதைக் கண்டாலும் எனக்குக் கத்த வேண்டும் போல இருக்கும். "அம்மா ஒரு இலையைப் பாத்து இப்பிடிக் கத்தினா ஆனையைப் பாத்தா என்ன செய்வா?" என்று நீ அப்பாவிடம் கேட்டது எனக்குக் கேட்டது. ஆனையைப் பார்த்தால் கத்தமாட்டேன், வீடியோ எடுப்பேன். அதுதான் என் குணம், அதுதான் என் பிழையும்.

இரண்டு வருடத்துக்கு முந்திய சிறுபோகம், வெயில்கால நெல் விதைப்பு. கனடாவில் இருக்கிற ஒரு பிள்ளை என் பக்கத்தில் ஒரு படம் போட்டிருந்தாள். புல்வெளியில் தானாக முளைக்கிற குளோவர் என்கிற செடி, மூன்று இலை. அபூர்வமாக எங்கோ ஒன்றில் நாலாவது இலை வருமாம், அதைக் கண்டெடுத்தால் அதிர்ஷ்டமாம். முழங்காலில் நின்று மணிக்கணக்காகத் தேடுவார்களாம். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. எங்கள் குளத்து அலைகரையில் நாலிலைக்கு என்ன பஞ்சம்! குளக்கட்டுக்கு எதிர்ப்பக்கம், தண்ணீர் காட்டைத் தொடுகிற அந்தத் தாழ்வான கரையில், சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறந்து குளம் வற்ற வற்றச் சேறு வெளியே வரும். அந்தச் சேறு முழுக்க ஆரைதான். ஒரு காம்பு, அதன் நுனியில் நாலு இலை, சிலுவை மாதிரி விரிந்திருக்கும். தண்ணீர் நிற்கிற இடத்தில் மிதக்கும், வற்றிய இடத்தில் நிமிர்ந்து நிற்கும், பொழுதுபடும்போது நாலு இலையையும் மேலே கூப்பிவிடும். வயல்களுக்குள்ளும் ஒருகாலத்தில் நிறைய நின்றது. நாங்கள் அடித்த களைநாசினியில் அங்கே எப்போதோ முடிந்துவிட்டது. மருந்துத் தண்ணீர் ஏறாத அலைகரையில்தான் மிச்சம்.

இதெல்லாம் நீ படித்துக்கொண்டிருந்த விஷயம். கடைசி வருட ஆய்வுக்கு நீ எடுத்ததே அந்த ஆரையைத்தான். அலைகரையில் தடி நட்டு, கயிறு கட்டி ஆறு சதுரம் அடித்து, ஒவ்வொரு சனிக்கிழமையும் போய்க் குந்தியிருந்து எண்ணிக் கொப்பியில் எழுதிக்கொண்டு வருவாய். காற்சட்டை முழுக்கச் சேறு. நான் என்ன கேட்டேன்? "உதை எந்த வாளியிலை ஊறப்போடுறது?" என்று மட்டும் கேட்டேன். கனடாப் பிள்ளைக்கு, கட்டாரில் இருக்கிற தம்பிக்கு, வவுனியாவில் இருக்கிற ரீச்சருக்கு எல்லாம் செடி செடியாக விளக்கம் எழுதினவள், என் வீட்டில் ஒரு பிள்ளை செடிக்காக வெயிலில் காய்கிறதே, என்னடா எண்ணுகிறாய் என்று ஒருநாள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மிச்சக் கதை இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை நீ கம்பஸில் இருந்தாய். நான் அலைகரைக்குப் போனேன். வெயில் சாய்ந்த நேரம், ஆரை பச்சைக் கம்பளம் மாதிரிக் கிடந்தது. "வன்னியின் காட்டுக் குளோவர்! உலகம் தேடுற நாலிலை எங்கட குளத்திலை கொட்டிக் கிடக்கு, வாங்கோ உறவுகளே!" என்று கத்தினேன். அது குளோவரே இல்லை, பன்னம் என்கிற பெரணிச் செடியின் சொந்தம், அதற்குப் பூவே கிடையாது என்று நீ பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒட்டுசுட்டான் சந்தியில் இறங்கி எந்தப் பஸ் எடுப்பது, எந்தத் தேக்கங்காட்டு ஒழுங்கையால் திரும்புவது, எந்த மருதமரத்தடியில் மோட்டார் சைக்கிளை விடுவது என்று கைகாட்டிக் காட்டிக் கதைத்தேன். சோதனை எழுதப்போகிற பிள்ளைகள் ஒரு இலையைக் கொப்பிக்குள் வைத்தால் நல்லதாம் என்று ஒரு சொல்லும் சேர்த்தேன். யார் சொன்னது? ஒருவரும் சொல்லவில்லை. என் வாய்க்கு வந்தது.

அந்த வீடியோ பறந்தது, தம்பி. என் செடி வீடியோக்களை வழக்கமாக ஐம்பது பேர் பார்ப்பார்கள். இது விடிய எழும்பிப் பார்த்தால் ஆயிரம் தாண்டி ஓடுகிறது. நான் கிணற்றடிக்கும் குசினிக்குமாகத் துள்ளித் திரிந்தேன். அந்தச் சனிக்கிழமை நீ வந்து எண்ணிவிட்டுப் போகும்வரை ஒருவரும் வரவில்லை, ஞாயிற்றுக்கிழமை முதல் மோட்டார் சைக்கிள் வந்தது. திங்கட்கிழமை வான். புதுக் கலியாணச் சோடிகள், ரியூசன் பெட்டைகள், லீவுக்கு வந்த வெளிநாட்டுச் சனம். ஒவ்வொருவர் கையிலும் சொப்பிங் பை. ஒரு இலை கேட்டு வந்தவர்கள் வேரோடு ஒரு கத்தை பிடுங்கினார்கள், வீட்டில் தொட்டியில் வைக்கலாம் என்று. நானே நின்று பிடுங்கிக் கொடுத்தேன். "அன்ரி, உங்களைத்தான் வீடியோவிலை பாத்தனாங்கள்" என்று ஒருத்தி சொன்னதும் இரண்டு கத்தை கூடக் கொடுத்தேன்.

அடுத்த சனிக்கிழமை நீ வந்து அலைகரையைப் பார்த்தாய். ஆறு சதுரத்தில் நாலு வெறும் சேறு. கயிறுகள் மிதிபட்டுக் கிடந்தன. நீ என்னை ஏசுவாய் என்று நான் பதில்களை அடுக்கி வைத்திருந்தேன். நீ வீட்டுக்கு வந்து, கை கால் கழுவி, "அம்மா, சோறு போடுங்கோ" என்றாய். சாப்பிட்டாய். பிறகு கொப்பியைத் திறந்து எனக்குக் காட்டினாய். ஏழு கிழமை எண்ணிக்கை, வாரத்துக்கு ஒரு வரியாக, நேர்நேராக, பென்சிலால். எட்டாம் கிழமைக்கு எதிரே நாலு இடத்தில் சைபர். "இவ்வளவுதானம்மா" என்றாய். 

பிரச்சினை உன் கொப்பியோடு நிற்கவில்லை. வந்த வாகனங்கள் வாய்க்கால் வரம்பை இரண்டு இடத்தில் உடைத்துவிட்டன. விவசாயிகளின் கமக்கார அமைப்புத் தலைவர் பொதுநோக்கு மண்டபத்தில் கூட்டம் வைத்தார். எல்லோரும் வந்திருந்தார்கள். நான் பின்வரிசையில் சேலைத் தலைப்பைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு இருந்தேன். தலைவர் சொன்ன தீர்வு சின்னது. "அந்தப் புல்லு இருந்தாத்தானே சனம் வரும்? ரெண்டு டாங்கி மருந்தை அடிச்சு விடுவம். புல்லும் இல்லை, கூத்தும் இல்லை." பலர் தலையாட்டினார்கள். அப்பாவும் ஆட்டினார், அவரைக் கோபிக்காதே, அவர் தலைவர் எதைச் சொன்னாலும் ஆட்டுவார்.

நீ எழும்பினாய். சேட்டின் கை மடிப்பு ஒன்று அவிழ்ந்து தொங்கியது, அதை இழுத்துவிட வேண்டும் போல எனக்குக் கை துடித்தது. "ஐயா, வீடியோ போட்டது என்ர அம்மா. இடத்தைச் சொன்னது பிழை. அதை நான் ஒளிக்கேல்லை" என்றாய். மண்டபம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. எனக்கு நிலத்துக்குள் போகலாம் போல இருந்தது. பெற்ற பிள்ளை ஊருக்கு முன்னால் தாயைச் சொல்கிறானே என்று கொதித்தது. நீ நிறுத்தவில்லை. "ஆனா அம்மா செய்த பிழைக்கு ஆரைக்கு ஏன் தண்டனை?" என்றாய். யாரோ சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. தண்ணீர் திரும்ப ஏறும்போது மீன்குஞ்சுகள் அந்த இலைகளுக்குள்தான் ஒதுங்கும் என்றாய். அந்த வேர்ப்பின்னல் போனால் சேறு கரைந்து குளத்துக்குள் இறங்கும், குளம் தூர்ந்தால் யாருடைய வயலுக்குத் தண்ணீர் குறையும் என்று கேட்டாய். வயலுக்குள் எல்லோரும் அடித்தோம், அங்கே இப்போது இல்லை, இங்கேயும் அடித்தால் எங்கே போய்த் தேடுவது என்றாய். கடைசியாக, "மழை வருமட்டும் ஒவ்வொரு சனி ஞாயிறும் நானே அந்த மருதமரத்தடியிலை இருக்கிறன். வாறவையை நான் திருப்பி அனுப்புறன். வரம்பையும் நானும் அப்பாவும் கட்டித் தாறம்." அப்பா அதற்கும் தலையாட்டினார்.

அன்றைக்கு எனக்குக் கோபம். இன்றைக்கு நினைத்தால் மயிர்க்கூச்செறிகிறது. தாயின் பிழையை மறைத்து ஆரையைக் காப்பாற்ற உனக்கு வழி இருந்திருக்கும், யாரோ வெளியூர்க்காரர் வீடியோ எடுத்தார் என்று சொல்லியிருக்கலாம். பிழையையும் சொல்லி, என்னை ஒரு சொல்லால்கூடக் குறைக்காமல், வேலையைத் தன் தலையில் எடுத்த பிள்ளையை நான் எங்கே பெற்றேன் என்று எனக்கே தெரியவில்லை.

இனி உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். அதே கூட்டத்தில் எருமை மேய்க்கிற சிவராசா அண்ணையும் எழும்பினார். வருகிற சனத்தால் தன் எருமைகள் வெருண்டு ஓடுகின்றன என்றார். தலைவர் அவர்மேல் பாய்ந்தார். "உன்ர எருமையள் மட்டும் திறமோ? தம்பியின்ர முதலாம் சதுரத்தின்ர மூலைத்தடியை இழுத்து எறிஞ்சது அதுகள்தானே!" ஏனென்றால் சனம் வருவதற்கு முன்னமே, முதலாம் சதுரத்தின் ஒரு மூலைத்தடி ஒரு முழம் தள்ளி நின்றது. பக்கத்தில் குளம்படி இருந்ததால் எருமைதான் என்று நீயும் நினைத்தாய். "என்ர மாடுகள் அந்தச் சதுரங்கள் பக்கம் போறேல்லை, சத்தியமாய்ப் போறேல்லை" என்று அண்ணை சொன்னார். ஒருவரும் கேட்கவில்லை. மருந்தடிப்பதில்லை என்று தீர்மானித்த கூட்டம், எருமைகளும் அந்த அலைகரைக்குப் போகக்கூடாது என்றும் தீர்மானித்தது. அவர் காட்டுக்கரையைச் சுற்றித்தான் தண்ணிக்கு விடவேண்டும்.

அந்தத் தடியை இழுத்தது எருமை இல்லை, தம்பி. நான். செவ்வாய்க்கிழமை வீடியோ எடுத்தபோது அந்தத் தடி படத்துக்குக் குறுக்கே நின்றது, வடிவைக் கெடுத்தது. பிடுங்கி எறிந்தேன். எடுத்து முடித்ததும் கிட்டத்தட்ட இந்த இடம்தான் என்று திரும்ப ஊன்றினேன். அது ஒரு அளவு, அந்த ஒரு முழத்தில் உன் ஏழு கிழமைக் கணக்கு நிற்கிறது என்று எனக்குத் தெரியாது. ஆனால் கூட்டத்தில் தலைவர் சொன்ன நேரம் தெரிந்தது. நீ என் பிழையைச் சொல்லிவிட்டு அமர்ந்து ஐந்து நிமிடம் ஆகவில்லை. இன்னொன்றையும் சொல்லி இன்னொரு தரம் அத்தனை முகமும் திரும்புவதை என்னால் தாங்க முடியாது என்று வாயை மூடிக்கொண்டேன். நாக்குத்தான் எனக்குச் சொந்தக்காரி என்று ஊரே சொல்லும். அன்றைக்கு அவளையும் காணவில்லை.

அந்தச் சனி ஞாயிறுகளை நான் தூரத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஒரு பெட்டை உன்னிடம் கெஞ்சினாள். "அண்ணா, ஒரேயொரு இலை. சோதினை வருது."

"தங்கச்சி, இங்க நிக்கிற எல்லாம் நாலிலைதான். எல்லாருக்கும் கிடைக்கிறது எப்பிடி அதிர்ஷ்டமாகும்?"

"அப்ப ஏன் அந்த அன்ரி அப்பிடிச் சொன்னவா?"

"அந்த அன்ரிக்குச் சந்தோசம் வந்தா அப்பிடித்தான். நீர் போய்ப் படியும்."

அவள் சிரித்துக்கொண்டு போனாள். கையில் ஒன்றும் இல்லை. என்னை விட்டுக்கொடுக்காமல் என் பொய்யை உடைத்தாய். எனக்கு அந்த வித்தை இன்றுவரை வரவில்லை.

உன் கூட்டாளிகள் ஆய்வை ஒப்படைத்துப் பட்டம் வாங்கினார்கள். நீ ஒரு வருடம் பிந்தினாய். தலைப்பை மாற்று என்று கம்பஸில் சொன்னபோது, கேள்வியை மாற்றுகிறேன், இடத்தை மாற்றமாட்டேன் என்றாயாம். பிடுங்கிய இடத்தில் என்ன திரும்பி வருகிறது என்று பார்க்கப்போகிறேன் என்றாய். மழை பெய்தது, குளம் நிறைந்தது, அலைகரை முழுக்கத் தண்ணீருக்குள் போனது. அடுத்த சிறுபோகத்தில் சேறு வெளியே வந்த முதல் கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு போனாய். குனிந்து சேற்றுக்குள் விரலை விட்டு உழுந்தளவில் கறுத்த கொட்டை ஒன்றை எடுத்துக் காட்டினாய். காம்பின் அடியில் காய்த்து விழுவது, வருடக்கணக்காகக் காய்ந்து கிடந்தாலும் தண்ணீர் பட்டால் எழும்பும் என்றாய். பக்கத்திலேயே நூல் மாதிரி நாலைந்து முளை. "ஐயோ, எங்கட சனம் மாதிரியே தம்பி!" என்று நான் தொடங்கினேன். "அம்மா, எல்லாத்தையும் எங்கட கதையாக்காதேங்கோ. அது தன்ர பாட்டுக்கு முளைக்குது" என்றாய். சரி, அது தன் பாட்டுக்கு முளைக்கட்டும். நான் என் பாட்டுக்குப் பெருமைப்படுகிறேன், அதை நீ தடுக்க ஏலாது.

அந்த ஆய்வை வாசித்த யப்பான் பேராசிரியர் உனக்கு எழுதினார். அங்கேயும் வயல்களில் மருந்தடித்து இந்தச் செடி அருகிவிட்டதாம். அதைத் திரும்பக் கொண்டுவரப் படிக்கிற இடத்துக்கு உன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். கடிதம் வந்த நாள் நீ ஆய்வுப் புத்தகத்தை மடியில் வைத்து, ஆங்கிலத்தை எனக்குத் தமிழாக்கி வாசித்தாய். வரைபடங்களைக் காட்டினாய். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பிறகு ஒரு வரி வந்தது: முதலாம் சதுரத்தின் மூலைத்தடியை எருமைகள் நகர்த்தியதால் அந்தச் சதுரத்தின் தரவுகள் சேர்க்கப்படவில்லை.  தண்ணீர் எடுக்கிற சாட்டில் எழும்பிக் குசினிக்குள் போய் நின்றேன்.

இன்று விடிய நீ நித்திரையாக இருந்தபோது சிவராசா அண்ணையின் பட்டிக்குப் போனேன். பால் கறந்துகொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன், வளைக்கவில்லை. அவர் கறப்பதை நிறுத்தினார்.

"ரெண்டு வருசம், தங்கச்சி. ஒவ்வொரு நாளும் காட்டுக்கரையாலை சுத்திப் போனனான். ரெண்டுதரம் ஆனை மறிச்சது."

"ஓம் அண்ணை."

"ஒரு எருமைக் கண்டும் போச்சு, தெரியுமே?"

எனக்குத் தெரியாது. அதையும் நான் கேட்டதில்லை. அவர் பால் வாளியைத் தள்ளி வைத்தார். "உதைக் கூட்டத்திலை சொல்லுவியளோ?"

"சொல்லுவன்."

"தலைவருக்கு முன்னாலை?"

"ஓம்."

"அப்ப சொல்லிப்போட்டு வாங்கோ. பிறகு தேத்தண்ணி குடிப்பம்." திரும்பக் கறக்கத் தொடங்கினார். நான் வெறும் வயிற்றோடு நடந்து வந்தேன்.

மழைக்கால விதைப்பான காலபோகத்துக்குரிய கூட்டம் அடுத்த மாதம். அப்போது நீ இங்கே இருக்கமாட்டாய். நீ நின்ற இடத்திலேயே நான் எழும்பி நின்று சொல்வேன், எருமைகளுக்கு அந்தக் கரையைத் திரும்ப விடும்படியும் கேட்பேன். நடுங்குவேன், அது பரவாயில்லை. உனக்குப் புத்தி சொல்கிற தகுதி எனக்குக் குறைவு, ஆனாலும் தாய் என்றபடியால் இரண்டு சொல்கிறேன். அங்கே எதைக் கண்டாலும் கத்தலாம் போல இருந்தால் கத்து. ஆசையை அடக்கிப் படிக்கிற படிப்பு உனக்கு வேண்டாம். கத்துவதற்கு முன் அந்த இடத்தில் யார் இருக்கிறார்கள், யார் மேய்க்கிறார்கள், யார் எண்ணுகிறார்கள் என்று கேள். பிழைவிட்டால் அன்றைக்கே சொல்லு. நீ சொல்லாத ஒவ்வொரு நாளும் வேறு யாரோ சுற்றுப்பாதையால் நடந்துகொண்டிருப்பார்.

பழைய வீடியோவை அழித்துவிட்டேன். யாராவது எடுத்து வைத்திருந்தால் நீங்களும் அழித்துவிடுங்கள் என்று வாசிக்கிறவர்களையும் கேட்கிறேன். உன் புத்தகத்தில் அச்சடித்ததைத் திருத்தலாமோ எனக்குத் தெரியாது. திருத்தலாம் என்றால், எருமைகள் என்று இருக்கிற இடத்தில் என்னைப் போடு. பேராசிரியர் ஏன் என்று கேட்டால் ஒளிக்காமல் சொல்லு, அது என்ர அம்மா என்று.

அம்மா